நாரைக்குக் கீழே ஒரு மயில்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி மாதம். அப்போது நான் காஞ்சிபுரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பிள்ளையார்பாளையத்தில் குடியிருந்தோம். திருமணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. எனக்கிருந்த ஒரே கெட்ட பழக்கம் பறவைகளைப் படமெடுப்பது. கேமரா சக ஆசிரியருடையது, அவசரம் மட்டும் என்னுடையது.

அந்த ஆண்டு தாமல் ஏரி நிறைந்திருந்தது. ஏரிக்குள் தீவு போல ஒரு மேடு. அதிலிருந்த கருவேல மரங்களில் நத்தைக்குத்தி நாரைகள் கூடு கட்டியிருந்தன. ஒரு வார இதழில் வாசகர்களின் புகைப்படங்கள் வெளிவரும். அதில் என் நாரையும் வந்துவிட வேண்டும் என்று பித்துப் பிடித்து அலைந்தேன். ஆனால் என் வெள்ளைச் சட்டையைத் தூரத்தில் கண்டதுமே அவை பறந்துவிடும்.

பச்சைத் துணிக்குள் மறைந்து உட்கார வேண்டும் என்று எங்கோ படித்தேன். வீட்டில் தேடினேன். போர்வை வெள்ளை, வேட்டி வெள்ளை, ஜமக்காளம் சிவப்பு. பச்சையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: என் மனைவியின் கல்யாணப் பட்டு.

ஊர் முழுக்கப் பட்டு நெய்தாலும், நெய்கிறவர் வீட்டுப் பெண்ணுக்குப் பட்டு அவ்வளவு எளிதில் கிடைக்காது. கூலிக்கு நெய்துவந்த என் மாமனார் மகளுக்காகவே நெய்த புடவை அது. கிளிப்பச்சை உடல், முந்தானையில் வரிசையாக ஜரிகை மயில்கள். தன் தங்கையின் கல்யாணத்துக்கு அதைத்தான் கட்டிக்கொள்வதாக மனைவி சொல்லியிருந்தாள். அந்தக் கல்யாண வேலைக்காகத்தான் அவள் தாய்வீட்டுக்கும் போயிருந்தாள். ஒரு காலைப்பொழுதுதானே, பழையபடி மடித்து வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினேன்.

புடவையையும் கேமராவையும் தலைமேல் தூக்கிப் பிடித்தபடி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினேன். கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர் சத்தம் போட்டார்.

“இன்னா வாத்தியாரே, யாரு பொடவையத் தூக்கிக்கினு இப்பிடி ஓடுற? ஊட்ல தெரியுமா?”

தாழ்ந்த கிளைகளில் புடவையை விரித்து, அதற்குள் பதுங்கினேன். நாரைகள் என்னைக் கவனிக்கவே இல்லை. கூட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தால் மேலிருந்து என்ன விழும் என்பது மட்டும் அறிவியல் ஆசிரியருக்குத் தோன்றவில்லை. பட்டின் மேல் சொத்து சொத்தென்று ஓசை கேட்டபோது மார்கழிப் பனி சொட்டுகிறது என்றே நினைத்தேன். அலகில் நத்தையோடு ஒரு நாரை எதிரே இருந்த கூட்டில் வந்து இறங்கியது. படமெடுத்துவிட்டேன். வெளியே வந்த பிறகுதான் பனியின் நிறத்தைப் பார்த்தேன்.

வீட்டில் சீயக்காய் போட்டுத் தேய்த்ததில் கறை இன்னும் பரவியது. வேறு வழியின்றித் தெருக்கோடி லாண்டரிக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் விரித்துப் பார்த்துவிட்டு, “இன்னா சார், கொக்கு எச்சமாட்டம் இருக்குது, அம்மா பொடவைய எதுனா மரத்துக்குக் கட்டி உட்டீங்களா? கறைய எடுத்துடலாம். போன சாயம் வராது, இப்பவே சொல்லிட்டேன்” என்றார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. முந்தானையில் திட்டுத்திட்டாகப் பச்சை வெளுத்திருந்தது. மனைவி வந்து பிரித்துப் பார்த்துத் திகைத்துப்போனாள். “யார்கிட்ட குடுத்தீங்க?” என்று கேட்டாள். “லாண்டரியில்” என்றேன். அதுவரை சொன்னது உண்மைதான். அதோடு நிறுத்திக்கொண்டதுதான் பொய்.

நேரே கடைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். தெருவே கூடிவிட்டது.

“வரும்போதே கொக்கு எச்சம் இருந்துதும்மா! சார் இங்கதான நிக்கிறாரு, கேளு!” என்றார் கடைக்காரர்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் யாருடைய சைக்கிளையோ குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

“ஆமா, எங்க ஊட்டு பீரோவுல கொக்கு கூடு கட்டிச்சு!” என்றாள் மனைவி.

தெரு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதன் பிறகு அந்தக் கடைக்கு யாரும் பட்டு கொடுக்கவில்லை. பட்டைக் கெடுத்தவர் என்ற பெயரோடு காஞ்சிபுரத்தில் ஒருவர் எப்படி லாண்டரி நடத்த முடியும்? பல நாள் அவர் தேய்ப்புப் பெட்டியில் கரியைக்கூடப் போடாமல் சும்மா உட்கார்ந்திருப்பார். நான் அடுத்த தெரு வழியாகப் பள்ளிக்குப் போனேன். தங்கை கல்யாணத்துக்கு மனைவி வேறு புடவை கட்டினாள். “நான் நெய்ஞ்சது எங்கம்மா?” என்று மாமனார் கேட்க, “பெட்டியில இருக்குதுப்பா” என்றாள்.

இரண்டு மாதம் கழித்து அந்த இதழில் என் படம் வந்தது. பெருமையோடு மனைவியிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

“நாரை நல்லா இருக்குதுங்க. கீழ இந்த மயிலு எப்ப வந்துது ஏரிக்கு?”

அப்போதுதான் நானும் பார்த்தேன். காற்று முந்தானையைத் தூக்கி எதிர்க்கிளையில் போட்டிருக்கிறது. படத்தின் அடியில் மூன்று மயில்கள். நடு மயிலின் தலையில் வெள்ளையாக, பளிச்சென்று, எச்சம்.

“எங்கப்பா நெய்ஞ்ச மயிலு எனக்குத் தெரியாதா? அந்த மனுசன சந்தியில நிறுத்திட்டேனே!” அவள் குரலை உயர்த்தவில்லை. “சட்டைய மாட்டுங்க.”

அதே கடை, அதே தெரு, அதே கூட்டம். நடந்ததையெல்லாம் உரக்கச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவளும் கேட்டாள். கடைக்காரர் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். “கறை இருந்த அதே எடந்தான்” என்றார். பிறகு கத்தரியை எடுத்து அந்தப் பக்கத்தை வெட்டி, தேய்ப்பு மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

பட்டுப் புடவைகள் மெல்லத் திரும்பி வந்தன. வருகிறவர்களிடமெல்லாம், “சார் எடுத்த போட்டோ. கறை எங்கேர்ந்து வந்துதுன்னு எவ்ளோ தெளிவா இருக்குது பாரு” என்று காட்டுவார். நான் அந்தப் பக்கம் போனால், “சார், இன்னிக்கு எதுனா பறவை?” என்பார். ஆண்டுக்கணக்கில் அப்படித்தான். ஒரு நாள்கூட அவர் கோபமாகப் பேசியதில்லை. கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நான் எடுத்த படங்களில் சுவரேறியது அது ஒன்றுதான். எச்சம் பறவையுடையது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இன்றைக்கும் நாலு பேர் கூடி ஒருவரைப் பார்த்துச் சிரிக்கும்போது, தெருவோடு சேர்ந்து அன்று நான் சிரித்த சிரிப்பு என் காதில் கேட்கிறது, என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.