வெள்ளைப் பந்து திரும்பி வந்தது

தக்கலையில் பில்லியர்ட்ஸ் மேசை போட்டிருந்த அந்தக் கூடத்தில் பெண்ணென்று நான் ஒருத்திதான் இருந்தேன். மேசையோரக் குழியின் வாயில் நின்ற கறுப்புப் பந்தை உள்ளே தள்ளினால் ஆட்டம் எனக்கு. அதன் பின்னாலேயே வெள்ளைப் பந்தும் விழுந்தால் தோல்வி. வெள்ளையைத் தாழ அடித்தால் பின்பக்கமாகச் சுழன்று திரும்பி வரும். மேசையில் விரித்த துணிக்குப் பக்கமாகக் கோலைத் தாழ்த்தினேன்.

“ஏட்டி, துணி கிழியும். மெதுவா தட்டு, போதும்,” என்றான் எதிரில் ஆடிய செல்வின்.

எங்கள் பக்கம் உரிமையுள்ளவர்கள்தான் ஒரு பெண்ணை ‘ஏட்டி’ என்பார்கள். இவனை அன்றுதான் பார்க்கிறேன். மெதுவாகத் தட்டினால் வெள்ளையும் உருண்டு கூடவே விழும் என்பது அவனுக்கும் தெரியும்.

கோலை இன்னும் தாழ்த்தி, ஓங்கி அடித்தேன். கறுப்பு விழுந்தது. வெள்ளை ஒரு கணம் நின்று, சுழன்று, என்னிடமே திரும்பி வந்தது. துணியில் ஒரு கீறல் இல்லை.

“குருட்டாம்போக்குல வந்துட்டு. இன்னொரு ஆட்டம் வாறியா?” என்றான்.

“வாறேம்லே. நீ பாத்து அடி, துணி கிழிஞ்சிரப்பிடாது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அதன்பின் எத்தனையோ ஆட்டங்களில் தோற்றிருக்கிறேன். ஆனால் யார் சொல்லியும் கோலை உயர்த்தியதில்லை.