உள்ளே விட்ட இரண்டு அங்குலம்

பிரிக்பீல்ட்ஸில் ஜெய்னம்புவிடம் திட்டு வாங்காமல் ப்ளவுஸ் தைத்துக்கொண்டவள் யாராவது இருந்தால், ஜெய்னம்புவுக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது என்று அர்த்தம். மோனோரயில் தூணுக்கு எதிரே, ஒரு சேலைக்கடையின் மாடியில் அவளுடைய தையல் அறை. பதினெட்டுப் படி ஏற வேண்டும். ஏறி வந்த ஒரு கல்யாணப் பெண் "யூடியூப்ல பார்த்த மாதிரி" என்று ஆரம்பித்ததும், "அப்ப யூடியூப்லயே தைச்சுக்கம்மா" என்று அதே பதினெட்டுப் படியையும் இறங்க வைத்தவள் அவள். கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். இவளுக்கு அது கத்தரிக்கோல் நுனியில் இருந்தது. அப்படியும் கூட்டம் குறையவில்லை, ஏனென்றால் அவள் தைத்தது உடம்பில் நின்றது.

அவளுடைய வாப்பா நாகூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி, கிள்ளானுக்குத் துணி மூட்டையோடு வந்தவர். புருஷன் ஹைதர் மாரடைப்பில் போனபோது அவளுக்கு முப்பத்தொரு வயது, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பழைய மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு உட்கார்ந்தாள். இருபத்தேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். மகளைக் கட்டிக்கொடுத்து சுங்கை வே என்கிற ஊருக்கு அனுப்பியதும் அந்த மெஷினில்தான்.

அவள் தொழிலில் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, ஆள் நேரில் வர வேண்டும். பேப்பரில் எழுதிக் கொடுத்த அளவைக் கையால் தொட மாட்டாள். நிற்கவைத்து அளப்பாள், தரையில் உட்காரவைத்து அளப்பாள், கையைத் தூக்கச் சொல்லி அளப்பாள். இன்னொன்று, எதைத் தைத்தாலும் இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டு, மூன்று வரிசை தையல் ஓட்டுவாள். "பொம்பள உடம்பு நின்ன இடத்துல நிக்காது. கல்யாணம், பிள்ளை, இனிப்பு நீர் வியாதின்னு மாறிக்கிட்டே இருக்கும். துணி வழி விடணும்லா" என்பாள். பத்து வருஷம் கழித்து வந்து பிரித்து விடச் சொன்னாலும் உள்ளே துணி இருக்கும்.

இந்த வாசலுக்குத்தான் போன வருஷம் கிரிதரன் என்கிற இளைஞன் வந்து சேர்ந்தான். விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவன். இப்போது முதல் சினிமா. முகமூடி போட்ட ஒரு பெண், கையில் சிலம்பம், கிள்ளான் துறைமுகத்தில் அக்கிரமக்காரர்களை அடித்து நொறுக்குகிறாள். நம் மண்ணின் சண்டைக்கலையில் வளர்ந்த சூப்பர் ஹீரோ, பெரிய திரையில். அவனுக்கு அந்த உடையைத் தைக்க ஆள் வேண்டும்.

"நான் தைக்கிறது மனுஷங்களுக்கு" என்றாள் ஜெய்னம்பு.

"ஆன்டி, ரெண்டு நிமிஷம் கேளுங்க. உலகம் பூரா சினிமாக்காரன் நம்ம பக்கத்துச் சண்டையை எடுத்துக்கிறான். கம்பு நம்மளோடது, காலடி நம்மளோடது. முகம் மட்டும் வேற யாரோடதோ. எத்தனை நாளைக்கு? நான் நம்ம முகத்தை வைக்கப் போறேன். சிலம்பம் ஆடுற பிள்ளையே ஹீரோ. டூப் கிடையாது."

அவன் கண் கலங்கியிருந்தது. ஜெய்னம்பு அப்படிப்பட்ட கண்ணீரை லேசில் நம்புகிறவள் இல்லை. ஆனால் அவன் பின்னால் படியேறி வந்த பெண்ணைப் பார்த்ததும் டேப்பை எடுத்துவிட்டாள்.

அந்தப் பெண் புனிதா. கிள்ளான் பக்கம் பண்டமாரான்காரி, இருபத்தாறு வயது. கொள்கலன் கிடங்கின் வாசலில் நின்று, வருகிற லோரிகளின் நம்பரைச் சரிபார்த்து எழுதுவது வேலை. நாள் முழுக்க வெயில், அதனால் நல்ல கறுப்பு. இடது புருவத்துக்கு மேல் போட்டியில் கம்பு பட்ட தழும்பு. ஆள் வேலிக்கம்பு மாதிரி நெடுநெடுவென்று, சதையே இல்லாமல். "உதைச்சுக் காட்டும்மா, கால் எதுவரைக்கும் போகுதுன்னு பார்க்கணும்" என்றாள் ஜெய்னம்பு. புனிதா வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு உதை விட்டாள். மூலையில் நின்ற, துணி மாட்டிப் பார்க்கிற பொம்மையின் தலை ஜன்னல்வரை உருண்டது. ஜெய்னம்பு அன்று பல வருஷத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

கருநீலத் துணி. மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு கடையில் அந்தச் சாயத்தில் கடைசியாக இருந்த ஒரே ஒரு கட்டு. மேலும் கீழும் சேர்த்து ஒரே உடையாகத் தைத்தாள். தொடைக்கு நடுவே சாய்சதுரத் துண்டு வைத்து, எந்த உதைக்கும் கிழியாதபடி ஆறு வாரம் பாடுபட்டாள்.

படப்பிடிப்பு கிள்ளான் துறைமுகத்தில் ஒரு பழைய கிடங்கில் நடந்தது. முகமூடி போட்ட சண்டைகளை முதலில் எடுத்தார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் உடை பழுதுபார்க்க மாடிக்கு வரும். அந்தப் பெண் என்ன பட்டாள் என்பதை ஜெய்னம்பு துணியில் படித்தாள். முதல் வாரம் முட்டி தேய்ந்திருந்தது. இரண்டாம் வாரம் முழங்கை கிழிந்திருந்தது. மூன்றாம் வாரம் தோளின் உள்பக்கம் ரத்தம். உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கியபோது, அவளுக்கு யார்மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. புனிதாவுக்குப் போன் போட்டு, "ஜிங்க் தகரக் கூரையில இருந்து குதிக்கச் சொன்னா குதிச்சுடுவியா, உனக்கு அறிவில்ல?" என்று ஒரு மூச்சு திட்டினாள். புனிதா சிரித்தாள். "கடைசி சீன்ல முகமூடியக் கழட்டுவேன் ஆன்டி. எங்கம்மா தியேட்டர்ல என்னைப் பார்க்கும். அதுக்கு எத்தனை கூரைல இருந்தும் குதிக்கலாம்லா."

நான்காம் வாரம், சண்டைகள் முடிந்து உடை மாடியில் பழுதுக்குக் கிடந்த வியாழக்கிழமை காலை, ஜெய்னம்புவின் வாட்ஸ்அப்பில் ஒரு பேப்பரின் படம் வந்தது. மார்பு, இடுப்பு, தோள் என்று அளவுகள். கீழே கிரிதரன் எழுதியிருந்தான்: டிரெஸ்ஸை இந்த அளவுக்குப் பிரித்து விடுங்கள் ஆன்டி, மூணு மணிக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அவளுக்கு அந்தப் பேப்பரே முதல் அவமானம். அளவு புனிதாவுடையது இல்லை என்பது இரண்டாவது. உடனே கூப்பிட்டாள்.

"யாரோட அளவு தம்பி இது?"

அவன் இழுத்து இழுத்துச் சொன்னான். பணம் போடுகிற முதலாளி சண்டைக் காட்சிகளைப் பார்த்தார். பிரமாதம் என்றார். ஆனால் அந்த முகம் எடுபடாது என்றார். போஸ்டரில் நிற்காதாம். அதனால் முகமூடியைக் கழற்றுகிற காட்சியில் மட்டும் சீரியலில் நடிக்கிற ஒரு நடிகை. பேரும் அவளுக்குத்தான் போகும். புனிதா டூப்.

"கம்ப்யூட்டர்ல முகத்தை மாத்த பட்ஜெட் இல்ல ஆன்டி. அதே டிரெஸ்ல அந்த நடிகை நிக்கணும். நாளைக்கு ஒரு நாள்தான் கிடங்குக்குப் பெர்மிட் இருக்கு."

ஜெய்னம்பு போனை வைத்தாள். புனிதாவைக் கூப்பிட்டாள். லோரி ஹாரன் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் வந்தது.

"தெரியும் ஆன்டி. நேத்தே சொல்லிட்டாங்க. பரவால்ல. சண்டை நான்தானே போட்டேன், எனக்குத் தெரியும்ல."

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் சொல்லல" என்றாள் புனிதா.

அந்தப் 'பரவால்ல'தான் ஜெய்னம்புவை எரித்தது. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பாள். கத்தியிருந்தால் சேர்ந்து கத்தியிருப்பாள். கூரையிலிருந்து விழுவதற்கு ஒருத்தி, நோகாமல் நுங்கு தின்ன இன்னொருத்தி. அதற்கு விழுந்தவளே பரவாயில்லை என்கிறாள். நம் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? ஒதுங்கி நில் என்றால் ஒதுங்குவது, நன்றி சொல்லிவிட்டு ஒதுங்குவது. இதே ஒதுக்கலை எதிர்த்துப் படம் எடுக்கிறேன் என்று கண்ணைக் கசக்கினவன்தான் இன்று அளவுப் பேப்பர் அனுப்புகிறான்.

உடையை எடுத்து மேஜையில் உள்பக்கமாகத் திருப்பிப் போட்டாள். நடிகையின் அளவுக்கும் புனிதாவின் அளவுக்கும் வித்தியாசம் மூன்றரை அங்குலம். உள்ளே பக்கத்துக்கு இரண்டு அங்குலம் இருந்தது. பிரித்து விட்டால் கச்சிதமாகப் பொருந்தும். அரை மணி நேர வேலை. இருபத்தேழு வருஷ நல்ல பழக்கம், கடைசியில் திருடனுக்கு ஏணி சாத்தி வைத்திருந்தது.

துணி இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஜெய்னம்பு பொய் சொல்ல மாட்டாள். திட்டுவாள், சாபம்கூட விடுவாள், பொய் கிடையாது. மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்கிற பயம் அவளுக்கு நிஜமான பயம். முடியாது போ என்று அப்படியே திருப்பிக் கொடுத்தாலும் பயனில்லை. தெருவில் பத்து தையல்காரர்கள் இருக்கிறார்கள், அரை மணி நேர வேலைதான். தைக்கத் தெரிந்தவன் உள்பக்கம் திருப்பினால் துணியைக் கண்டுபிடித்துவிடுவான்.

மதியம் லுஹர் தொழுகை முடித்து வந்தாள். பிறகு பெரிய கத்தரிக்கோலை எடுத்து, அக்குளிலிருந்து கணுக்கால்வரை, தையலை ஒட்டி, உள்ளே விட்ட துணி முழுவதையும் வெட்டி எடுத்தாள். நான்கு நீளத் துண்டுகள். தன் கையால் ஒரு உடைக்கு வழியை அடைப்பது அதுதான் முதல் தடவை. ஆனாலும் கை நிற்கவில்லை. ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக்கும் அடித்தாள். கோபத்திலும் அவள் அரைகுறை வேலை செய்யமாட்டாள்.

மூன்று மணிக்குக் கிரிதரன் வந்தான்.

"முடிஞ்சதா ஆன்டி?"

"பிரிச்சு விட உள்ள துணி இல்ல. பார்த்துக்க."

"ஆன்டி, நீங்க எல்லாத்துலயும் ரெண்டு இஞ்ச் விடுவீங்கன்னு எங்க அம்மாவே சொல்லியிருக்காங்க." உடையைத் திருப்பினான். விரலால் தடவிப் பார்த்தான். புது நூல். மேஜைக்குக் கீழே கூடையில் நான்கு கருநீலத் துண்டுகள் கிடந்தன. அவள் அவற்றை ஒளித்து வைக்கவில்லை. அவன் பார்த்துவிட்டான்.

"ஏன் ஆன்டி இப்படிப் பண்ணீங்க? என் படமே போச்சு. எத்தனை வருஷக் கனவு தெரியுமா?"

"உன் கனவை நான் வெட்டல தம்பி. கம்பு நம்மளோடது, காலடி நம்மளோடது, முகம் மட்டும் வேற யாரோடதோன்னு சொன்னியே. இதே இடத்துல நின்னு சொன்னே. நான் அதை நம்பித் தைச்சேன். அந்தப் புள்ளை அதை நம்பிக் கூரைல இருந்து குதிச்சுச்சு. நான் அது ரத்தத்தை இந்தக் கையால கழுவினேன். இப்ப நீயும் அந்த வெளிநாட்டு சினிமாக்காரனுங்க மாதிரியேதானே செய்யற? அவனுங்க நமக்கு அந்நியன். நீ யாரு?"

கிரிதரன் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டான். தலைக்கு மேல் மோனோரயில் ஒன்று போயிற்று, இன்னொன்று போயிற்று. ஜெய்னம்பு வேறொருத்தியின் ப்ளவுஸுக்குக் கொக்கி வைத்தபடி, உள்ளுக்குள் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன் போன் பேசுவது கேட்டது.

"Boss, டிரெஸ் அந்த நடிகைக்குப் பத்தாது. உள்ள துணி இல்ல. நானே பார்த்தேன். அந்தத் துணி கடையிலயும் முடிஞ்சுபோச்சு." அந்தப் பக்கம் கத்துவது மாடிவரை கேட்டது. "நாலு வாரச் சண்டையையும் திரும்ப எடுக்கலாம் boss, நீங்க ரெடின்னா. இல்லன்னா புனிதாவே கழட்டட்டும்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "இல்ல boss. வேற வழி இல்ல."

கூடையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடையை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கும்போது, "தேங்க்ஸ் ஆன்டி" என்று முணுமுணுத்தான். "போ, போ" என்றாள் அவள்.

படம் இந்த வருஷம் வந்தது. கிள்ளானில் முதல் நாள், புனிதாவின் அம்மா பவுனம்மாள் பக்கத்து இருக்கையில் ஜெய்னம்புவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் முகமூடி கழன்றது. அந்தக் கறுத்த முகம், புருவத்துத் தழும்போடு, சுவர் அகலத்துக்கு நின்றது. பவுனம்மாள் தியேட்டர் என்றும் பார்க்காமல் குரலெடுத்து அழுதாள். பண்டமாரான் இளைஞர்கள் சீட்டில் ஏறி விசிலடித்தார்கள். முகம் எடுபடாது என்று சொன்ன முதலாளி முன்வரிசையில் எழுந்து நின்று கைதட்டியதைப் பார்த்து ஜெய்னம்புவுக்கு மறுபடியும் கோபம்தான் வந்தது.

இரண்டு வாரம் கழித்துப் புனிதா பதினெட்டுப் படி ஏறி வந்தாள். கையில் அந்த உடை. மாலில் ஒரு நிகழ்ச்சிக்குப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்கிறார்கள், போட்டால் ஏறவில்லை.

"எல்லா வீட்லயும் கூப்பிட்டுச் சோறு போடுறாங்க ஆன்டி. வேணாம்னு சொல்ல முடியல. மூணு கிலோ ஏறிடுச்சு. கொஞ்சம் பிரிச்சு விட்டுத் தரீங்களா?"

"உள்ள துணி இல்ல. போய் சோத்தைக் குறை."

புனிதாவின் முகம் வாடியது. ஜெய்னம்பு அவளை ஒரு நிமிஷம் முறைத்தாள். பிறகு மெஷினின் கீழ் இழுப்பறையைத் திறந்தாள். நான்கு கருநீலத் துண்டுகள், இஸ்திரி போட்டு மடித்து, நூல் சுற்றி வைத்திருந்தாள்.

"ஒட்டுப் போட்டா வெளிய தெரியும் ஆன்டி."

"தெரியட்டும். கையைத் தூக்கி நில்லு" என்று டேப்பை உருவினாள் ஜெய்னம்பு.