டீயில் கரைத்த மாத்திரை

எனக்கு வாய் நீளம். திருவொற்றியூர் குப்பத்தில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் விசாரிப்பதும், ரத்தம் எடுத்துப் போவதும், மலேரியா என்றால் மாத்திரை கொடுப்பதும் என் வேலை. கொசு வளர்கிற தண்ணீர்த் தொட்டியை மூடாதவர்களைத் திட்டுவது நானாகச் சேர்த்துக்கொண்டது.

சின்னப் பிள்ளைகளுக்கு அந்த மாத்திரையைக் கொடுப்பது பெரும்பாடு. அவ்வளவு கசப்பு. பொடித்து, ஒரு ஸ்பூன் சர்க்கரைத் தண்ணீரில் குழைத்து, மடியில் வைத்து, முழுக்க விழுங்கினதைப் பார்க்க வேண்டும். உடனே கக்கினால் மறுபடி கொடுக்க வேண்டும். காய்ச்சல் விட்டதென்று நிறுத்தக் கூடாது. இதைத் தாய்க்குச் செய்து காட்டிவிட்டுத்தான் நாங்கள் கிளம்ப வேண்டும்.

அன்று வெயிலும் பசியும். சந்தின் கடைசி வீட்டில் ஒரு பெண் குழந்தைக்கான மாத்திரைகளைக் கொடுத்தேன். மீன் விற்கக் கிளம்பிய அவள் அம்மா, "வாயில வெச்சா துப்பிகினே கீதுக்கா, இன்னா பண்றது?" என்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டே, "டீல கலக்கிக் குட்த்துடும்மா, கசப்பு தெரியாது" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

குழந்தைக்குக் காய்ச்சல் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. கண் செருகிவிட்டது. நானும் அம்மாக்காரியும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போதுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் டீயை எங்கே குடிக்கின்றன? பொறை ரொட்டியை அதில் தொட்டுத் தொட்டுத் தின்னும். மருந்துப் பொடி அடியிலேயே தங்கியிருக்கிறது. மிச்ச டீயை அவள் தினமும் சாக்கடையில் கொட்டியிருக்கிறாள்.

"டீயில் கலக்கச் சொன்னது யாரு?" என்று டாக்டரம்மா கேட்டார். ஊருக்கு உபதேசம் செய்கிற நான் குனிந்து குழந்தையின் துணிப்பையை எடுத்தேன். "நான்தான் மேடம், புத்தி கெட்டுப் பண்ட்டேன்" என்றாள் அவள். பெற்றவள் வாங்கக் கூடாத ஏச்செல்லாம் வாங்கினாள். நான் பக்கத்தில் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குழந்தை பிழைத்தது. அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல். நான் மாத்திரையோடு போனபோது அவளே வந்து, இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் அதைப் பொடித்துப் பையனின் அம்மாவுக்குக் காட்டினாள். "என்ன மாரி டீல போட்டு வெக்காத. அக்கா கரீட்டாதான் சொன்னாங்கோ, நான்தான் கேக்கல." சுற்றி நின்ற பெண்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வெளியே வந்ததும், "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீ சொன்னதுன்னு தெரிஞ்சா உன் கையால எவ மாத்திர வாங்குவா? சந்துல இன்னும் புள்ளைங்கோ கீதே" என்றாள்.

உண்மையைச் சொல்லாமலிருக்க எனக்கு அந்தச் சாக்கு போதுமானதாக இருந்தது. அந்தச் சந்தில் இன்றைக்கும் பிள்ளைக்கு மருந்து கொடுக்கத் தெரியாதவள் என்ற பேர் அவளுக்குத்தான்.