தொண்ணூற்றெட்டு மார்க்கு

விரலில் மாட்டும் அந்தச் சின்ன மிஷின் என் பெயரைக் கெடுத்த அளவுக்குக் கொரோனாகூட என்னைக் கெடுக்கவில்லை.

கொரோனா வந்து போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இன்னும் ஒரு குடம் தண்ணீரோடு மேடு ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு நாள் முழுக்க உழைத்தால் மூன்று நாள் பாயோடு பாயாகக் கிடக்கிறேன். சிலருக்கு இப்படி நீடிக்கும், சோதனையில் தெரியாமலும் போகும், களைப்பு வரும் முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள் என்று வேலூர் டாக்டர் சொன்னார்.

ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்கு என்னோடு வந்தவள் என் ஓரகத்தி. வயதில் மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஓய்ந்த பிறகு நர்ஸ் மிஷினை மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று பார்த்தார். தொண்ணூற்றெட்டு. அக்கா அதைப் பரீட்சை மார்க்கு என்று எடுத்துக்கொண்டாள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவளுக்கு என்ன நோவு, எல்லாம் உடம்பு வளையாத நோவு என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

சாமை அறுப்பு வந்தது. எங்கள் ஊரில் அறுப்புக்குக் கூலி கிடையாது. இன்று உன் கொல்லைக்கு நான், நாளை என் கொல்லைக்கு நீ. ஆள் சேர்ப்பவள் அக்காதான். போன வருஷம் நான் ரோஷத்தில் எல்லோருக்கும் சமமாக அறுத்துவிட்டு ஒரு வாரம் எழவில்லை. இந்த வருஷம் பின்வாங்கினால் என் கொல்லைக்கு யாரும் வர மாட்டார்கள். முற்றிய சாமை மண்ணில் கொட்டிப்போகும். எங்களுக்கு வருஷத்துச் சோறு அதுதான்.

அக்காவின் வாயை மிஷினை வைத்தே அடைக்க நினைத்தேன். மறுபடி அவளை அழைத்துப் போய், ஆஸ்பத்திரியை நாலு சுற்று வேகமாக நடந்துவிட்டு விரலை நீட்டினேன். கால் நடுங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. தொண்ணூற்றேழு.

"ஒரு மார்க்குதான் கொறஞ்சிச்சு" என்றாள் அக்கா.

உடம்பு படுகிற பாடெல்லாம் இதில் தெரியாதம்மா என்று நர்ஸ் சொன்னதை அவள் காதிலேயே வாங்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. என் உடம்புக்கு இனி யாரிடமும் சாட்சி கேட்பதில்லை என்று திரும்பும் பஸ்ஸில் முடிவு செய்தேன்.

மறுநாள் அக்காவின் கொல்லைக்கு அறுவாளோடு பிளாஸ்டிக் முக்காலியையும் எடுத்துப் போனேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"மார்க்கு போட்டது மிசினு. மூச்சு வாங்குறது நானு. குந்திக்கினுதான் அறுப்பேன். ஒரு நாள் வேலைய மூணு நாள்ல முடிச்சிக் குடுப்பேன். ஆனா முடிச்சிக் குடுப்பேன்."

மற்றவர்கள் அன்றே தங்கள் பங்கை அறுத்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் ஆளில்லாத கொல்லையில் நான் தனியாக உட்கார்ந்து என் பங்கை அறுத்து முடித்ததை அக்கா வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

என் முறை வந்த அன்று யாருக்கும் காத்திராமல் விடியும்போதே முக்காலியைப் போட்டுவிட்டேன். வெயில் ஏறியபோது பேச்சுக்குரல் கேட்டது. எல்லோரும் வந்திருந்தார்கள். அக்கா எனக்குப் பக்கத்தில் அறுக்க ஆரம்பித்தாள்.

உச்சி வெயிலில் ஒரு சாமைக் கட்டைத் தூக்க எழுந்தேன். அக்கா நிமிர்ந்து, தன் விரலைத் தொட்டுக் காட்டினாள்.

"இப்ப எவ்ளோ? நீயே சொல்லு."

"நாப்பது" என்றேன்.

"அப்ப குந்து" என்று கட்டை வாங்கிக்கொண்டு போனாள்.