பாலைவனத்தில் தறி போட நினைத்த எங்கள் அண்ணன்

அண்ணனின் ஓராண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் எழுந்து பேசிப் பழக்கமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பேச்செல்லாம் அண்ணனோடு சரி.

அண்ணன் பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், நெசவுக் குடும்பத்தில். தந்தையார் சீக்கிரம் காலமானதால் மீசை முளைக்கும் முன்பே தறியில் உட்கார்ந்தார். பிறகு பட்டாளத்தில் சேர்ந்து, ராஜஸ்தானத்தில் பாகிஸ்தான் எல்லை ஓரமாக லாரி ஓட்டினார். பட்டாளத்திலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் டிரங்குப் பெட்டியும் கம்பளியும் கொண்டுவருவார்கள். அண்ணன் ஒரு யோசனையைக் கொண்டுவந்தார். பாலைவனத்தில் பட்டுத் தறி போட வேண்டும்.

தெருவில் பாவு நூலை நீட்டிக் காயவைத்திருக்கும்போது மழை வந்தால் நமக்குப் பிழைப்புக் கெட்டது. அங்கே மழையே கிடையாது என்பார். நிலம் சும்மா கிடக்கிறது. பட்டாளத்துக்காக சர்க்கார் ரோடு போட்டிருக்கிறது. நம் மூட்டையும் அதிலேயே போய்விடும். எல்லையில் காவல் இருப்பதால் திருட்டு பயம் இல்லை. மீறித் திருடினாலும் மணலில் அவன் காலடி அவன் வீட்டு வாசல் வரைக்கும் இருக்கும். இதை அவர் டீக்கடையில் சொன்னார், கோயில் வரிசையில் சொன்னார், முசரவாக்கத்தில் பெண் பார்க்கப் போன வீட்டிலும் சொன்னார். வைத்த பஜ்ஜி ஆறிப்போனது.

பெண்ணின் தகப்பனாரும் நெசவாளிதான். அவர் என் பக்கம் திரும்பி, "ஏம்பா, உங்க அண்ணன் என் பொண்ண பாகிஸ்தானுக்கு இட்டுக்கினு போவாரா?" என்று கேட்டார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணனே பதில் சொன்னார். "சேச்சே, இல்ல மாமா. அதுக்கு நாலு மைல் முன்னாடியே நின்னுடுவோம்."

"மணல்ல எவன்யா குழித்தறி போடுவான்? போட்டுக் காட்டு, அப்புறம் பொண்ணத் தரேன்" என்று அவர் எழுந்துவிட்டார்.

அண்ணனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. ஆகவே சித்திரை வெயிலில், செவிலிமேட்டுப் பக்கம் வறண்டு கிடந்த பாலாற்று மணலில் நாங்கள் தறி போட்டோம். குழித்தறி என்றால் நெய்பவர் காலை இறக்கி மிதிக்கக் குழி வேண்டும். அண்ணன் ஒரு மிதி மிதித்தால் ஒரு கூடை மணல் உள்ளே சரிந்தது. அனல் காற்றில் பட்டு இழை காய்ந்து பட்பட்டென்று அறுந்தது.

"அண்ணே, குழி மூடிக்கினே வருதுண்ணே."

"நீ அறுந்த இழையப் பாருடா. குழிய நான் பாத்துக்கறேன்."

பெண்ணும் தகப்பனாரும் மாட்டுவண்டியில் வந்து இறங்கியபோது அண்ணன் இடுப்பு வரை புதைந்திருந்தார். கையில் ஊடு நூல் ஓட்டும் நாடாக் கட்டை மட்டும் இருந்தது. உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

"கும்பிடு இருக்கட்டும் மாப்ள, எழுந்திருங்க" என்றார் தகப்பனார்.

"கும்பிடத்தான் முடியுது மாமா. எழுந்துக்க முடியல."

வண்டிக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நேராக அண்ணனைப் பார்த்து, "அந்த ஊர்லயும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள். அங்கே மணல் கெட்டியாக இருக்கும் என்று அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

அவர் அறுந்த இழைகளைப் பார்த்தார். "இது எவ்வளவோ தேவலாம்மா. அங்க காத்து இன்னும் மோசம். தண்ணியும் கெடையாது" என்றார்.

"அப்புறம் எதுக்குய்யா இவ்ளோ நாளா எங்க உசுர வாங்கின?" என்று தகப்பனார் கத்தினார்.

அப்போதுதான் அந்தப் பெண் சிரித்தாள். "பாதி பொதஞ்சும் இந்த ஆளுக்குப் பொய் வரல பாருப்பா. இவரையே பேசி முடி" என்றாள். அவர்தான் எங்கள் அண்ணியார்.

திருமணம் முடிந்ததும் அந்த ஊரை ஒரு தரமாவது பார்க்க வேண்டும் என்று அண்ணியார் பிடிவாதம் பிடித்தார்கள். போனார்கள். அண்ணனுக்குத் தெரிந்த ஒரு தானிய வியாபாரியின் வீட்டில் தங்கினார்களாம். அந்த வீட்டுப் பெண்கள் அண்ணியாரின் புடவைச் சரிகையைத் தடவித் தடவிப் பார்த்து, அதைக் கழற்றி வாங்காமல் விடவில்லை. பட்டுப்புடவையில் போன அண்ணியார் அதற்கு மாற்றாக அவர்கள் கொடுத்த பாவாடையோடும் காலில் வெள்ளித் தண்டையோடும் திரும்பி வந்தார்கள். அண்ணன், அண்ணியார் கண் முன்னாலேயே அந்த வீட்டுப் பெண்கள் புடவையைக் கத்தரித்து இரண்டு முக்காடாக்கிவிட்டார்களாம். இழை அறுந்தாலே துடிக்கிற அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறங்க. இவங்களுக்குத் தறி வேணாம், முக்காடுதான் வேணும்" என்றார்களாம் அண்ணியார்.

அன்று முதல் எங்கள் தறிகளில் முக்காட்டுத் துணி ஏறியது. தெருவில் எங்களுக்கு 'முக்காட்டு வீடு' என்று பெயர் வைத்தார்கள். அண்ணன் வருடம் ஒரு முறை மூட்டையோடு ரயில் ஏறுவார். எங்கள் தங்கைகளின் கல்யாணம் அந்த வருமானத்தில்தான் நடந்தது. கேலி செய்த வீடுகளுக்கும் பிறகு அவரே நெய்யப் பாவும் கூலியும் கொடுத்தார், ஒருவரையும் குத்திக்காட்டியதில்லை.

கடைசியில் நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் டாக்டரிடம், "நீங்க அங்க வந்து ஆஸ்பத்திரி வைக்கணும் சார். உலர்ந்த காத்து, நோயே வராது" என்றார்.

"நோயே வரலன்னா நான் எப்படிப்பா பொழைக்கிறது?" என்று கேட்டார் டாக்டர்.

அண்ணன் அன்று முழுதும் யோசித்தார். அவர் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அந்த டாக்டருக்கும், முறை வைத்து ஆஸ்பத்திரியில் கூட இருந்த தெருக்காரர்களுக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய மாமன் வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த வருட மூட்டை கட்டியாகிவிட்டது. நான் அரக்கோணத்தைத் தாண்டியவன் இல்லை. "நீங்க வாங்க தம்பி. வெல நான் பேசறேன். நீங்க அவங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னா போதும். அத மட்டும் என்னால சொல்ல முடியாது" என்று அண்ணியார் கேட்டுக்கொண்டார்கள். அங்கே ராஜஸ்தானத்தில் இன்னும் யாருக்கும் விஷயம் தெரியாது. 'எங்கள் அண்ணன் இப்போது இல்லை' என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த, அண்ணனின் பட்டாளத்து நண்பருக்கும் நன்றி. தறியில் உட்கார்ந்து தினமும் அதைச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.