பாத் வரிசையில் முதலில் ஷிஜின்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. கீபோர்டில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தது நான்தான். கூட இரண்டு பேர் இருந்தார்கள். இன்றைக்கும் கேட்டால் சொல்வார்கள்.

2012 அக்டோபர். வடசேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். சிந்தியா என் மாணவி. முட்டத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். திங்கட்கிழமை காலேஜில் புராஜெக்ட் கொடுத்தாக வேண்டும்.

"வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஜாவா ஓடவே மாட்டேங்குது மிஸ். ஒருக்கா வந்து பாப்பியளா?" என்றாள். சனிக்கிழமை மத்தியானம் போனேன்.

அது அவள் அண்ணன் ஷிஜினின் கம்ப்யூட்டர். எஞ்சினியரிங் படித்தவன். முந்தைய வருடம் லீவுக்கு வந்தவன், அப்பாவோடு வள்ளத்தில் கடலுக்குப் போனான். வள்ளம் கவிழ்ந்தது. அப்பா சிலுவைதாசன் நீந்திக் கரை சேர்ந்தார். ஷிஜின் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா முட்டம் கடலில் இறங்கியதே இல்லையாம். கொச்சிக்கு வேலைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து ஓடாமல் கிடந்த கம்ப்யூட்டரை, சிந்தியாவின் படிப்புக்காக முந்தைய மாதம்தான் ரிப்பேர் செய்திருந்தார்கள்.

சிந்தியாவின் அம்மா சகாயசெல்வி பால் விடாத கட்டஞ்சாயா கொண்டு வந்து வைத்தாள். மானிட்டரைச் சேலை முந்தியால் ஒரு தடவை துடைத்தாள்.

"இதுக்க முன்னால ஒரு ஆள் இருந்தா, அவன் இருக்க மாதிரி இருக்கு மக்கா" என்றாள். அடுக்களைக்குப் போய்விட்டாள்.

வெளியே மழை பிடித்தது. வாசல் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

கமாண்ட் அடிக்கும் கறுப்பு விண்டோவைத் திறந்து சிந்தியாவின் புரோகிராமை ஜாவாவில் ஓடவிட்டேன். எரர் வரவில்லை. ஒரே ஒரு வரி வந்தது. ஆங்கில எழுத்தில், நம்ம பேச்சு.

வந்துட்டேன்.

"அண்ணன் எதையாவது எழுதி வச்சிருப்பான் மிஸ். இப்பிடித்தான் விளையாடுவான்" என்றாள் சிந்தியா. சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

காரணம் எனக்குப் புரிந்தது. நாம் ஒரு புரோகிராமின் பெயரை அடித்தால் விண்டோஸ் அதை ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடும். எந்த ஃபோல்டரை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்று ஒரு வரிசை உண்டு. அதற்குப் பெயர் பாத். அந்தப் பெயரில் முதலில் எது கிடைக்கிறதோ, அதையே ஓட்டும். பின்னால் சரியான ஜாவா இருந்தாலும் எட்டிப் பார்க்காது.

பாத்தை எடுத்துப் பார்த்தேன். முதலில் நின்றது 'ஷிஜின்' என்று ஒரு ஃபோல்டர். உண்மையான ஜாவா ஃபோல்டர் கடைசியில்.

ஷிஜினைக் கடைசிக்கு மாற்றினேன். விண்டோவை மூடித் திறந்தேன்.

ஷிஜின்தான் முதலில்.

சேவ் ஆகியிருக்காது என்று நினைத்தேன். இந்தத் தடவை அந்தப் பெயரையே அழித்தேன். கம்ப்யூட்டரை ஆஃப் செய்து போட்டேன். மழைச் சத்தம் கூடியிருந்தது. புரோகிராமை ஓடவிட்டேன்.

அம்மா, வந்துட்டேன்.

சிந்தியா என் கையைப் பிடித்தாள். அவள் விரல் ஜில்லென்று இருந்தது.

செட்டிங்ஸில் பாத் இரண்டு இடத்தில் இருக்கும். இரண்டையும் பார்த்தேன். ஷிஜின் என்ற பெயர் எதிலும் இல்லை. கறுப்பு விண்டோவில் மட்டும் இருந்தது. முதல் ஆளாக.

அந்த ஃபோல்டரையே திறந்து பார்த்துவிடலாம் என்று தேடினேன்.

அப்படி ஒரு ஃபோல்டரே டிஸ்கில் இல்லை.

இல்லாத ஃபோல்டருக்குள் இருந்து எது ஓடுகிறது?

"வைரஸா மிஸ்?"

ஸ்பேஸ் பாரில் விரல் வைத்தேன். ஈரம். மேலே பார்த்தேன். கூரை ஒழுகவில்லை...

இன்னொரு தடவை ஓடவிட்டேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை.

அம்மா, கதவத் தொற.

சிந்தியா அதை வாய்விட்டுப் படித்துவிட்டாள்.

அடுக்களையில் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது.

சகாயசெல்வி வந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. நேரே வாசலுக்குப் போனாள். தாழ்ப்பாளை இழுத்தாள்.

மழை. இருட்டிக்கொண்டு வந்த முற்றம். யாரும் இல்லை.

"உள்ள வா மக்கா" என்றாள்.

காற்று வீட்டுக்குள் வந்தது. கடல் வாடை...

அவள் நகரவில்லை. சாரலில் சேலை முழுதும் நனைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாகக் கேட்டாள்.

"சோறு எடுத்து வைக்கட்டா?"

சிந்தியா ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நான் ஸ்க்ரீனைப் பார்த்தேன். பாத்தைத் திரும்ப எடுத்தேன்.

ஷிஜின் இல்லை.

ஜாவா சரியாக ஓடியது. சிந்தியாவின் புராஜெக்ட் திறந்தது. அவள் வந்து பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அவன் பேரைக் காணலயே மிஸ்" என்றாள். "பழையபடி வர வைக்க முடியுமா?"

என் கையாலேயே 'ஷிஜின்' என்று ஒரு ஃபோல்டர் போட்டேன். பாத்தில் அதை முதலில் வைத்தேன். அவள் ஓடவிட்டாள். புராஜெக்ட்தான் வந்தது. மூடிவிட்டு ஓடவிட்டாள். அதேதான். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் அவள் ஓடவிட்டுக்கொண்டே இருந்தாள். அவள் அம்மா கதவைச் சாத்தவிடவில்லை.

சிந்தியா புராஜெக்டைக் கொடுத்துவிட்டாள். பாஸும் ஆனாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்தக் கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுத்த எபினின் கடைக்குப் போனேன். ஷிஜினோடு படித்தவன்.

"ஷிஜினுக்க பழைய ஃபோல்டர் எதையாவது அதுல விட்டு வச்சியா?"

எபின் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"எப்பிடிக்கா இருக்கும்? போன மாசம் புது ஹார்ட் டிஸ்க்லா போட்டேன். விண்டோஸும் புதுசு. அவன் எழுதுனது ஒரு எழுத்துகூட அதுல கிடையாது."

"பழைய டிஸ்க் எங்க?"

எபின் கடை வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தான்.

"போன வருசம் ஆள் கிடைக்கல்லைல்லாக்கா. வெறும் பெட்டிய எப்பிடி அடக்கம் பண்ணன்னு அவனுக்க அப்பா அழுதாரு. ராத்திரியும் பகலும் இதுலதான் இருந்தான், இதையாவது வைப்போம்னு அந்த டிஸ்க்கக் கழத்தித் தரச் சொன்னாரு. வீட்டுல யாருக்கும் தெரியாது."

தலையைக் குனிந்துகொண்டான்.

"அவனுக்க சட்டைல சுத்தி உள்ள வச்சோம். பெட்டிக்கு ஆணி அடிச்சதும் நான்தான்."