நாலாவது திருகாணி

செய்தி வந்தபோது பகல் பதினொன்றேகால். அவள் குளித்துக்கொண்டிருந்தாள், ஒரு கையில் சோப்பு, மறு கையில் கதவு. தம்பி வந்திருந்ததால் கதவைப் பிடித்தே ஆகவேண்டும். அந்தக் கதவிடுக்கு வழியாகத்தான் அவன் போனை நீட்டினான். பேசியவர், அவள் புருஷன் பரிசோதனைக்குப் போயிருந்த ஆஸ்பத்திரியின் லிப்டை இயக்குபவர்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் லிப்டுல ஏறினாரு. கதவு லேட்டா மூடுது, எண்ணெய் போடச் சொல்லுன்னாரு. என் ஸ்டூல்ல உக்காந்தாரு. மூணாவது மாடி தாண்டுறதுக்குள்ள..."

லிப்ட்தான் நின்றுவிட்டதாக்கும் என்று அவள் நினைத்தாள். லிப்ட் நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. நின்றது அவர்.

லிப்ட் பழுதுபார்ப்பதுதான் அவருடைய பிழைப்பு. தெருவில் அவருக்கு 'ஏத்த எறக்கம்' என்று பெயர். பல வருஷங்களுக்கு முன் அவர் நெஞ்சைப் பிளந்து பைபாஸ் செய்தார்கள். அது நல்லபடியாகவே முடிந்தது. அதற்குப் பிறகுதான் பட்ட காலிலே பட்டது. மறுநாளே உள்ளே ரத்தம் கசிந்து, தைத்ததைப் பிரித்து மறுபடி தைத்தார்கள். சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்தது. நாடி தறிகெட்டு ஓடியது. எல்லாம் அடங்கி வீட்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கூப்பிடாமலே அவரும் கூடப் போய் நின்றார்.

"ஆபரேஷன் முடிஞ்ச கையோட இத்தனை சிக்கல் வந்தவங்க, குணமாயிட்டாலும், மத்தவங்க அளவுக்கு நீண்ட நாள் இருக்கறது குறைவு. எல்லாருக்கும் அப்படித்தான்னு இல்ல. ஆனா கிட்னியையும் நாடியையும் விடாம பாத்துக்கிட்டே இருக்கணும்."

அவள் கண்ணைத் துடைத்தாள். அவரோ, தொழில் தெரிந்த ஒருவர் பேசுவதைக் கேட்கும் மரியாதையோடு தலையாட்டினார்.

"சரியாத்தான் சொல்றாரு. சர்வீஸ் பண்ணின வாரத்துலயே கம்ப்ளெயிண்ட் வந்த லிப்ட் நீடிச்சதே இல்ல."

"வாயைக் கழுவுங்க."

"ஆனா ஒண்ணு. 'பழுது பார்க்கப்படுகிறது'ன்னு பலகை தொங்குற வரைக்கும் எந்தக் கொம்பனாலும் அதைக் கழட்டி இரும்புக் கடைக்குப் போட முடியாது. வேலை முடிஞ்சாத்தான் ஆபத்து."

உடம்பு கொஞ்சம் தேறியதும் குளியலறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டார். துளை நாலு, திருகாணி மூன்று. கம்பி நுழையும் வளையத்தைப் பிடிக்க வேண்டிய நாலாவதைக் கண்ணாடி முன்னிருந்த கிண்ணத்தில் போட்டு, "வேலை நடந்துக்கிட்டிருக்கு" என்றார். இழுத்தால் கதவு திறந்துகொண்டது. விருந்தாளிகள் உள்ளே போனால் பாடினார்கள். பாட வராதவர்கள் இருமினார்கள்.

ஒரு நாள் தம்பியால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, உள்ள நான் இருக்கேன், என் மாமனார் கதவைத் திறந்துட்டாரு. மானம் கப்பலேறிடுச்சு. நானே முடுக்கிட்டேன்."

அன்று சாயங்காலமே அவருக்கு நெஞ்சைப் பிடித்தது. ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்து, வாயு என்று சொல்லி அனுப்பினார்கள். அவரைப் படுக்க வைத்துவிட்டு, பூனை குறுக்கே போனால் பூனைக்குத்தான் சகுனத்தடை என்று சிரிக்கிற அவள், திருப்புளியோடு நேரே குளியலறைக்குப் போனாள். கிண்ணத்தில் திருகாணி விழும் சத்தம் கேட்டது.

"நீதான் இதையெல்லாம் நம்பமாட்டியே" என்றார் அவர், படுத்தபடியே.

"நம்பல. துருப்பிடிச்சிருக்கான்னு பாத்தேன்."

பழுதுபார்த்து முடியவில்லை என்றால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமல்லவா? அவர் ஒரு பரிசோதனையைத் தவறவிட்டதில்லை, ஒரு மாத்திரையை மறந்ததில்லை. அதே ஆபரேஷன் செய்துகொண்டு சிக்கலே இல்லாமல் வீடு திரும்பிய பக்கத்துக் கட்டில்காரரின் சாவுக்குக்கூடப் போய்விட்டு வந்தார்.

டாக்டருக்கே ஆச்சரியம். "நல்லாயிட்டோம்னு நினைச்சு பாதிப் பேரு வர்றதை நிறுத்திடறாங்க. நீங்க எப்படி?"

"நான் இன்னும் நல்லாகலையே, டாக்டர்" என்றார் பெருமையாக.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தம்பி திருப்புளியோடு வந்து நின்றான்.

"அக்கா, இப்பவாவது முடுக்கிடவா?"

அவள் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இது இங்கதானே கிடந்துச்சு. அப்புறம் எப்படிடா போனாரு?"

அவன் திருப்புளியை அலமாரியில் வைத்துவிட்டு முகம் கழுவ உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் பாட ஆரம்பித்தான்.

நாலாவது திருகாணி இன்னும் கிண்ணத்தில்தான் இருக்கிறது.